லால்குடி வீட்டுச் சொந்தங்கள்: ராத்திரி எட்டு மணி லிஸ்ட்

16 மார்ச் 2025, ஞாயிறு (நியூஜெர்சி நேரம்)

காலை 9:04 கமலா: எல்லாருக்கும் ஞாபகப்படுத்துறேன், வர்ற சனிக்கிழமை 22ந்தேதி நித்யாவுக்கு வளைகாப்பு, எடிசன் ஹால்ல காலைல பத்தரைக்கு. யார் யார் வர்றீங்கன்னு இன்னிக்குள்ள சொல்லிடுங்க, சாப்பாட்டுக்காரருக்கு எத்தன பேருன்னு சொல்லணும்

9:06 செந்தில்: நாங்க 3 பேர் அத்தை

9:06 செந்தில்: யாழினி மட்டும் டவுட்டு

9:07 நித்யா: ஏன்???

9:09 செந்தில்: இன்னிக்கி ராத்திரி 8 மணிக்கு தெரிஞ்சிரும்

9:10 ராஜம்: என்ன தெரியும் பரிட்சை ரிசல்ட்டா

9:14 யாழினி: இல்ல பாட்டி, பாஸ்கெட்பால். எங்க கொலம்பியா பொண்ணுங்க டீம நேஷனல் டோர்னமென்ட்டுக்கு கூப்புடுவாங்களான்னு இன்னிக்கி ராத்திரி டிவில சொல்லுவாங்க. கூப்டா காலேஜ் ரேடியோ கமென்டரிக்கு நான் கூட போகணும்

9:15 முரளி: நேத்துதான் ஃபைனல்ல தோத்தாங்கன்னு செந்தில் சொன்னான்

9:15 யாழினி: ஆமா தாத்தா. ஹார்வர்ட் கிட்ட. 74-71 😭

9:16 முரளி: தோத்தவங்கள எதுக்கு கூப்புடுவாங்க

9:17 செந்தில்: போச்சு

9:17 கார்த்தி: அப்பா ஏம்ப்பா

9:31 சரசு: முரளி நான் சொல்றேன் கேளுங்க, மொத்தம் 68 டீம், அதுல 31 இடம் ஒவ்வொரு கான்ஃபரன்ஸ்லயும், அதாவது லீக்லயும், ஜெயிச்சவங்களுக்கு நேரா போயிரும், கொலம்பியா ஆடற ஐவி லீக்ல அந்த இடம் நேத்து ஹார்வர்டுக்கு போச்சு சரி, ஆனா மிச்சம் 37 இடம் இருக்கு, அது கமிட்டி உக்காந்து வருஷம் பூரா யார் எப்படி ஆடுனாங்கன்னு பாத்து குடுக்கறது, அதத்தான் இந்தப் புள்ளைங்க எதிர்பாத்துட்டு இருக்குதுங்க. நவம்பர்லேந்து 23 மேட்ச் ஜெயிச்சு 6 தான் தோத்திருக்கு, ஐவில 14 மேட்ச்ல 13 ஜெயிச்சு முதல் இடம், யாரோடயும் பங்கு போட்டுக்காம தனியா. நாலு மாசம் ஆடுனதெல்லாம் ஒரு சனிக்கிழமை 3 பாயின்ட்ல தோத்ததுனால இல்லன்னு ஆயிருமா

9:32 நித்யா: பெரியம்மா உங்களுக்கு எப்படி இவ்வளவு தெரியும் 😳

9:33 யாழினி: அத்தைப் பாட்டி என் கமென்டரி ஒண்ணு விடாம கேக்கறாங்க. இங்க மேட்ச் நடக்கும்போது அங்க இந்தியால விடிகாலை 5 மணி

9:34 கமலா: சரசு அக்கா நீ தூங்கறதே இல்லையா

9:35 சரசு: ரிட்டயர் ஆன பி.டி டீச்சருக்கு என்ன தூக்கம்

9:38 ராஜம்: கமலா 22ந்தேதியா வச்சிருக்க

9:38 கமலா: ஆமா அண்ணி ஏன்

9:39 ராஜம்: அன்னிக்கு தேய்பிறை அஷ்டமி. யார் நாள் குறிச்சது

9:40 கமலா: ஹால் அன்னிக்குதான் கெடச்சுது

9:40 ராஜம்: ஹால் பாத்து நாள் குறிக்கறது இப்பதான் கேள்விப்படறேன்

9:41 நித்யா: அத்தை இங்க வீக்கெண்ட்லதான் எல்லாரும் வர முடியும்

9:42 செந்தில்: அம்மா விடும்மா

9:58 முரளி: சரசு அண்ணி, 13-1 சரிதான், யார்கூட ஆடி 13-1? டார்ட்மவுத், யேல், கார்னெல். இங்க ரட்கர்ஸ் இருக்கு பிக் டென்ங்கற பெரிய லீக்ல, ஒவ்வொரு வாரமும் பெரிய டீமோட ஆடி அடிவாங்கறாங்க. அவங்களோட தோல்வியும் இவங்களோட தோல்வியும் ஒண்ணாகுமா

10:00 கார்த்தி: அப்பா சொல்றதுலயும் நியாயம் இருக்கு

10:00 கார்த்தி: எங்க வாஷிங்டனும் பபிள்லதான், உள்ளயா வெளியயான்னு தெரியாம இருக்கு. தோல்வி ஜாஸ்தி ஆனா எல்லாம் பிக் டென்

10:01 யாழினி: கார்த்தி மாமா நீங்க எந்த சைட்

10:01 கார்த்தி: நான் படிச்ச காலேஜ் சைட். சியாட்டில்ல இருந்துட்டு வேற என்ன சொல்றது

10:22 சரசு: முரளி கேட்டது நல்ல கேள்வி, நானும் அதத்தான் யாழிகிட்ட கேட்டேன். நெட்டுன்னு (NET) ஒரு ராங்கிங் வச்சிருக்காங்க, பெண்களுக்கு 2020-21 சீசன்லேந்து. அதுல ஒவ்வொரு மேட்ச்சையும் நாலு பெட்டில போடுவாங்க. முதல் பெட்டின்னா சொந்த ஜிம்ல முதல் 25 ராங்க் டீமோட ஆடுனது, பொது எடத்துல முதல் 35, வெளியூர் போயி ஆடுனா முதல் 45. இப்ப யோசிங்க, பெரிய கான்ஃபரன்ஸ் டீமுக்கு அந்த மாதிரி மேட்ச் ஜனவரி வந்துட்டா வாரா வாரம் வீடு தேடி வரும். கொலம்பியாவுக்கு? அவங்க லெவீன் ஜிம்முக்கு பெரிய டீமுங்க லேசுல கிளம்பி வராது, ஜெயிச்சா பேரு கெடைக்காது தோத்தா மானம் போயிரும்னு. அதனால இவங்கதான் நவம்பர் டிசம்பர்ல பஸ் ஏறி பிளேன் ஏறி ஊர் ஊரா போயி ஆடணும், அங்கயும் தோத்தா எண்ணிக்கைல விழும். பரிட்சை எழுத ஹாலுக்குள்ள விடாம மார்க் எங்கன்னு கேட்டா என்ன சொல்றது. அதுவும் ஐவில விளையாட்டுக்குன்னு ஸ்காலர்ஷிப்பே கெடையாது, அந்தப் பொண்ணுங்க வாரம் பூரா கிளாஸ் போயிட்டு சில சமயம் வெள்ளி சனி அடுத்தடுத்த நாள் ரெண்டு ஊர்ல ஆடுதுங்க

10:23 செந்தில்: 👏👏

10:24 கமலா: புளியோதரை எலுமிச்சை தேங்கா தயிர்சாதம் சொல்லியாச்சு. அஞ்சாவது சாதம் என்ன சொல்லலாம்

10:24 நித்யா: மாங்காய்

10:25 ராஜம்: சக்கரைப் பொங்கல் இல்லாம வளைகாப்பா

10:31 முரளி: நான் ஒத்துக்கறேன் அண்ணி, வாய்ப்பு கெடைக்கலங்கறது நெசம்தான். ஆனா கமிட்டி கையில இருக்கறத வச்சுதானே முடிவெடுக்கும். ஆடாத மேட்ச்சுக்கு யார் மார்க் போடுவா

10:33 செந்தில்: 2015ல எங்க ஊர் பிரின்ஸ்டன் 30 மேட்ச்ல 30ம் ஜெயிச்சிச்சு மாமா. ஒண்ணுகூட தோக்கல. ஒவ்வொரு பிரிவுலயும் 1லேந்து 16 வரைக்கும் தர வரிசை வைப்பாங்கல்ல, அதுல 8வது சீட்தான் குடுத்தானுங்க

10:34 கார்த்தி: ஒபாமா வந்து பாத்த டீம்தானே

10:34 செந்தில்: ஆமா, மிஷெல் ஒபாமாவோட அண்ணன் பொண்ணு அதுல ஆடுச்சு. அடுத்த வருஷம் 2016ல ஐவிய ஜெயிக்காமலே கூப்ட்டாங்க, ஐவி பெண்கள்ல அதுதான் முதல் தடவை

10:36 யாழினி: அப்பா நீங்க இன்னிக்கி யார் சைட்

10:37 செந்தில்: பிரின்ஸ்டனும் லைன்லதான் நிக்குது. ஃபீஸ் கட்டறது உனக்கு, வீடு இருக்கறது பிரின்ஸ்டன் பக்கத்துல. ரெண்டும் போகணும்

10:38 யாழினி: ஐவிலேந்து மூணு டீம் இதுவரைக்கும் போனதே இல்ல. ரெண்டுல ஒண்ணுதான்னா?

10:38 செந்தில்: பதில் சொல்ல மாட்டேன்

10:52 யாழினி: நித்யா அத்தை சாரி. நான் ஏன் இவ்வளவு பேசறேன்னா 2023ல அப்பா என்ன பிரின்ஸ்டன் ஜிம்முக்கு கூட்டிட்டுப் போனாரு. அன்னிக்கு கொலம்பியா இதே ஹார்வர்ட் கிட்ட ஓவர்டைம்ல தோத்துச்சு. அந்த வருஷமும் லீக்ல பிரின்ஸ்டனோட சேந்து முதல் இடம். கமிட்டி கூப்புடல. அந்த அக்காங்க இதுக்கு அடுத்தபடியா இருக்கற WNIT டோர்னமென்ட்டுக்கு போயி ஃபைனல் வரைக்கும் ஆடி கான்சாஸ் கிட்ட தோத்தாங்க. அதுக்கப்பறம்தான் நான் இந்த காலேஜுக்கே அப்ளை பண்ணேன்

10:53 நித்யா: அய்யோ பாப்பா

10:54 கார்த்தி: போன வருஷம் போனாங்கல்ல

10:55 யாழினி: ஆமா 2024ல முதல் தடவை. வாண்டர்பில்ட் கிட்ட 72-68. ஒரே மேட்ச். கிட்டி ஹென்டர்சனுக்கு இது கடைசி வருஷம். இன்னிக்கி பேரு வரலன்னா அவ்ளோதான்

10:57 கமலா: யாரு அது

10:57 சரசு: ஆஸ்திரேலியாப் பொண்ணு. கார்டு ஆடுவா. கீழ விழுந்து எந்திரிச்சு பந்த புடிப்பா, எனக்கு ரொம்ப புடிக்கும்

11:20 ராஜம்: சரசுவுக்கு பந்துன்னா சோறு வேண்டாம். அப்பவே அப்படித்தான்

11:26 சரசு: அப்பவேன்னு நீங்களே ஆரம்பிச்சிட்டீங்க அண்ணி, அதனால சொல்றேன். 1977ல யுனிவர்சிட்டி டீம்ல என் பேரு வந்துச்சு. நோட்டீஸ் போர்டுல எழுதிப் போட்டிருந்தாங்க, பன்னெண்டு பேருல ஆறாவது பேரு. இன்டர் யுனிவர்சிட்டிக்கு வடக்க போகணும், ரயில் டிக்கெட்டு ஸ்வெட்டர் எல்லாம் குடுத்தாங்க. அதே வாரத்துல அண்ணன் கல்யாணம். அப்பா போகக்கூடாதுன்னுட்டாரு. எனக்கு பதிலா ஆடுன பொண்ணு அந்த வருஷம் ஸ்டேட் டீமுக்கு போனா. நான் நல்லா ஆடலன்னு யாராவது பேர அடிச்சிருந்தா ஆறிப்போயிருக்கும், பேரு இருந்தும் போகல

11:27 (இந்த மெசேஜ் நீக்கப்பட்டது)

11:29 செந்தில்: அம்மா என்ன போட்டு டெலிட் பண்ண

11:33 ராஜம்: ஒண்ணுமில்ல. கல்யாணத் தேதி எங்கப்பா பஞ்சாங்கம் பாத்து வச்சது. எனக்கு அப்ப பந்தும் தெரியாது ஒண்ணும் தெரியாது. யாரும் எங்கிட்ட சொல்லவும் இல்ல

11:34 சரசு: உங்கள ஒண்ணும் சொல்லல அண்ணி

11:34 ராஜம்: நாப்பத்தெட்டு வருஷமா சொல்லாமதான் இருந்த

11:41 கமலா: வளையல் சைஸ் 2.4 போதுமா 2.6ம் வேணுமா

11:42 நித்யா: என் கை வீங்கிருக்கு 2.6

11:43 சரசு: சின்னக்கடை வீதில ரெண்டு சைஸும் வாங்கி அனுப்பிட்டேன், பச்சை சிவப்பு பன்னெண்டு பன்னெண்டு டஜன்

மதியம் 1:15 கார்த்தி: இன்னொரு விஷயம். இந்த வருஷந்தான் முதல் தடவையா பெண்கள் டோர்னமென்ட்ல ஆடுனா அந்த கான்ஃபரன்ஸுக்கு பணம் வரப்போகுது. மொத்தம் 15 மில்லியன் டாலர். ஆண்களுக்கு 1991லேந்து குடுக்கறாங்க

1:16 முரளி: இத்தன வருஷம் குடுக்கவே இல்லையா

1:16 கார்த்தி: ஜனவரிலதான் ஓட்டுப் போட்டு பாஸ் பண்ணாங்க

1:17 முரளி: அது தப்பு

1:20 சரசு: அப்ப இந்த 37 இடம் யாருக்குப் போகுதுன்னா பணமும் அங்கதான் போகும். இருக்கறவங்களுக்கே திரும்பத் திரும்பப் போனா சின்ன லீக்கு எப்ப வளரும் முரளி

1:25 முரளி: யோசிக்கற விஷயந்தான்

மாலை 5:40 கமலா: ஹால்காரர் கிட்ட கேட்டேன் ஞாயித்துக்கிழமை 23 காலி இருக்காம். யாழினியும் வரலாமே

5:41 ராஜம்: 23 நவமி

5:41 கமலா: 😩

5:42 நித்யா: அம்மா எல்லாருக்கும் 22ன்னு சொல்லியாச்சு

5:42 முரளி: அட்வான்ஸ் குடுத்தாச்சு

5:44 செந்தில்: முதல்ல எட்டு மணி ஆகட்டும்

இரவு 7:58 யாழினி: காமன் ரூம்ல 40 பேர் உக்காந்திருக்கோம். கை நடுங்குது

8:02 சரசு: நான் காப்பி போட்டுட்டு உக்காந்துட்டேன். இங்க அஞ்சரை

8:03 ராஜம்: நானும் முழிச்சிட்டுதான் இருக்கேன்

8:19 செந்தில்: ஹார்வர்ட் 10வது சீட்

8:20 சரசு: அவங்க வரட்டும். முந்தாநாள் பிரின்ஸ்டன் மேல அவங்க டர்னர் பொண்ணு 44 பாயின்ட் போட்டுச்சு

8:31 யாழினி: வந்துருச்சு

8:31 யாழினி: வந்துருச்சு வந்துருச்சு வந்துருச்சு

8:31 யாழினி: 11வது சீட், நார்த் கரோலினா சேப்பல் ஹில்ல மேட்ச்

8:32 நித்யா: ஆஆஆஆஆ

8:32 சரசு: தாயே சமயபுரத்தா

8:33 கார்த்தி: யாரோடன்னு பாருங்க

8:33 செந்தில்: அய்யய்யோ

8:33 யாழினி: வாஷிங்டன்!!!! கார்த்தி மாமா!!!!

8:34 கார்த்தி: எங்களையும் அதே வாசல்ல நிறுத்திட்டாங்க. வியாழக்கிழமை பாக்கலாம் பாப்பா

8:36 செந்தில்: பிரின்ஸ்டனும் உள்ள!!! 11வது சீட், அயோவா ஸ்டேட்டோட. ஐவிக்கு மூணு டீம்

8:38 முரளி: இது என்ன வியாழக்கிழமை ஆட்டம்

8:45 சரசு: ஃபர்ஸ்ட் ஃபோர்னு பேரு, கடைசியா உள்ள வந்த டீமுங்கள ஒண்ணோட ஒண்ணு மோதவிட்டு ஜெயிச்சவங்கள மட்டும் 64க்குள்ள விடுவாங்க. வாசல் வரைக்கும் கூப்டுட்டு அங்க ஒரு பரிட்சை வச்ச மாதிரி. 13-1 ஆடுன டீமுக்கு இது போதாதுன்னுதான் நான் சொல்வேன், பிக் டென்லேந்து மட்டும் 12 டீம் உள்ள இருக்கு, ஆனாலும் பரவால்ல, ஆடவிட்டாங்கல்ல. முரளி கேட்ட கேள்விக்கு வியாழக்கிழமை அந்தப் பொண்ணுங்களே பதில் சொல்லட்டும், எதிர்ல நிக்கறது பிக் டென் டீமு

8:47 முரளி: அத ஒத்துக்கறேன் அண்ணி. ஜெயிச்சா நானே எல்லாருக்கும் ஸ்வீட்டு வாங்கறேன்

8:48 கமலா: வியாழக்கிழமை தோத்தா வெள்ளிக்கிழமை வந்துருவா. ஜெயிச்சா?

8:49 யாழினி: ஜெயிச்சா சனிக்கிழமை வெஸ்ட் வர்ஜீனியாவோட. அதே சனிக்கிழமை

8:49 நித்யா: 🙄🙄

8:50 யாழினி: அத்தை நான் என்ன பண்ணட்டும் நீங்களே சொல்லுங்க

8:51 முரளி: எட்டு மணி நேர டிரைவ் வேற

8:58 ராஜம்: செந்திலு அவள போகச் சொல்லு

8:58 செந்தில்: அம்மா?

9:01 ராஜம்: போயி முழுசா இருந்து பேசிட்டு வரட்டும். வளையல் அடுக்கறதுக்கு அவ ஒருத்தி இல்லன்னா நித்யா கை சும்மா இருக்காது. அவ பங்கு ஒரு டஜன் தனியா எடுத்து வைங்க வந்து போடட்டும்

9:02 நித்யா: பச்சை கலர் எடுத்து வைக்கறேன் 💚

9:04 சரசு: அண்ணி

9:04 ராஜம்: காப்பி ஆறுது குடி

9:10 கமலா: ஆனா அஷ்டமிக்கு என்ன பண்றது. 22ஆ 23ஆ

9:11 ராஜம்: ரெண்டும் வேண்டாம்

9:11 முரளி: ஹால்காரர் ஃபோன் எடுக்கல

9:13 செந்தில்: புதன்கிழமை பிரின்ஸ்டன் மேட்ச் யாராச்சும் எங்க வீட்டுக்கு வர்றீங்களா

9:15 கமலா: சாப்பாட்டுக்காரருக்கு எத்தன பேர்னு யாராவது சொல்லுங்கப்பா