மறு: ‘சஸ்பென்ஸ்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் – ‘தவிப்பு’ என்று வைக்கலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

‘சஸ்பென்ஸ்’ என்ற கதை உத்திக்கு அகராதியில் சேர்க்கத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் இதுவரை திகில், மர்மம், பரபரப்பு, அந்தரம் என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. ஐந்தாவதாக நான் வைப்பது ‘தவிப்பு’. ‘சஸ்பென்ஸ்’ என்ற பெயரிலேயே ஓடிய ஒரு வானொலித் தொடரில் வந்த நாடகத்தை வைத்துக் காரணத்தைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் சி.பி.எஸ். வானொலி 1943 மே 25 அன்று ‘சாரி, ராங் நம்பர்’ என்ற நாடகத்தை ஒலிபரப்பியது. எழுதியவர் லூசில் ஃபிளெட்சர், நடித்தவர் ஆக்னஸ் மூர்ஹெட். நோயாளிப் பெண் ஒருத்தி இரவில் வீட்டில் தனியாகப் படுத்திருக்கிறாள். கணவனுக்குப் போன் போடும்போது லைன் மாறி, இரண்டு ஆண்கள் பேசிக்கொள்வது காதில் விழுகிறது. யாரோ ஒரு பெண்ணைக் கொல்லத் திட்டம். நேரம் 11:15. அப்போதுதான் பாலத்தில் ரயில் போகும், அவள் கத்தினாலும் வெளியே கேட்காது.

அப்புறம் முழுக்கத் தொலைபேசிதான். ஆபரேட்டர், போலீஸ், மறுபடி ஆபரேட்டர். அந்த ஆட்கள் சொன்ன அடையாளங்கள் அவள் வீட்டுக்கே பொருந்துகின்றன. கேட்டுக்கொண்டிருக்கும் நமக்கு அது முதலிலேயே உறைத்துவிடுகிறது. அவளோ வேறு யாரையோ காப்பாற்றப் போராடுகிறாள். ‘அம்மா, அது நீதான், எழுந்து வெளியே போ’ என்று சொல்ல நமக்கு வாய் துடிக்கிறது. சொல்ல வழியில்லை. மணி ஓடுகிறது.

இந்த நிலைக்குத் தமிழில் என்ன பேர்? மர்மம் இல்லை, ஏனென்றால் நமக்கு விஷயம் தெரிந்துவிட்டது. திகிலும் இல்லை, பயம் கடைசியில் அவளுக்கு வருவது. பரபரப்பு என்றால் செய்தித்தாள் தலைப்புதான் நினைவுக்கு வரும். தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியாமல், முடிவு வரும்வரை காத்துக் கிடப்பதை நாம் பேச்சில் எப்போதும் தவிப்பு என்றுதான் சொல்கிறோம். அறுவை சிகிச்சை அறைக்கு வெளியே நிற்பவர் தவிக்கிறார். பள்ளியிலிருந்து பிள்ளை வரத் தாமதமானால் தாய் தவிக்கிறாள்.

குண்டு உதாரணத்தைத் திரைப்பட இயக்குநர் ஹிட்ச்காக், பிரெஞ்சு இயக்குநர் ட்ரூஃபோவிடம் சொன்னது பலருக்கும் தெரிந்திருக்கும். மேசைக்கடியில் இருக்கும் குண்டு திடீரென்று வெடித்தால் 15 வினாடி அதிர்ச்சி. குண்டு இருப்பதைப் பார்வையாளருக்கு முன்பே காட்டிவிட்டால் 15 நிமிடத் தவிப்பு. இந்த வாக்கியத்தில் மற்ற நான்கு சொற்களையும் போட்டுப் பாருங்கள், எதுவும் உட்காராது.

‘அந்தரம்’ சொன்ன நண்பரின் வாதம் எனக்குப் புரிகிறது. மூலச்சொல் லத்தீனில் தொங்கவிடுவதைக் குறிக்கிறது. ஆனால் அந்த வேரை மொழிபெயர்ப்பதைவிட அனுபவத்தைப் பெயரிடுவதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். அந்தரத்தில் தொங்குபவன் பாத்திரம். தவிப்பவர் பார்வையாளர்.

‘சஸ்பென்ஸ் என்றே எழுதிவிடலாமே’ என்றும் ஒருவர் கேட்டிருந்தார். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் பேச்சில் அந்தச் சொல்லின் பொருள் நகர்ந்துவிட்டது. ‘சஸ்பென்ஸை உடைக்காதே’ என்றால் ரகசியத்தைச் சொல்லாதே என்று அர்த்தம். அதாவது நாம் அதை மர்மத்துக்குப் பயன்படுத்துகிறோம். ஆய்வுக் கட்டுரையில் அதையே எழுதினால் இரண்டும் குழம்பும்.

இரண்டையும் பிரித்தே ஆகவேண்டும் என்பதற்கு இதே கதையின் திரைவடிவம் நல்ல சான்று. 1948-இல் அனடோல் லிட்வாக் இயக்கினார். ஃபிளெட்சரே திரைக்கதை எழுத, பார்பரா ஸ்டான்விக்கும் பர்ட் லங்காஸ்டரும் நடித்தார்கள். அரை மணி நேர நாடகம் ஒன்றரை மணி நேரப் படமாக வேண்டும். அதற்காகக் கணவனின் பின்னணியை, மாமனாரின் மருந்து நிறுவனத்தில் அவன் செய்யும் திருட்டை, பின்னோக்குக் காட்சிகளாகச் சேர்த்தார்கள். அவன் என்ன செய்தான், யாரிடம் சிக்கினான் என்று நாம் தேடத் தொடங்குகிறோம். அது மர்மம். படம் படுக்கையறைக்குத் திரும்பும்போதெல்லாம் தவிப்பு. வானொலியில் தனியாக நின்ற ஒன்று, படத்தில் இன்னொன்றோடு மாறி மாறி வருகிறது. என் மனதுக்கு வானொலி வடிவம்தான் ஒரு படி மேல், தவிப்பில் இடைவெளியே விடுவதில்லை என்பதால். ஆனால் கடைசிப் பத்து நிமிடம் ஸ்டான்விக் நடிப்பை யாரும் குறை சொல்ல முடியாது.

தவிப்பு என்றால் தாகமும் காதலும் நினைவுக்கு வருமே என்ற தயக்கம் எனக்கும் இருந்தது. தண்ணீருக்குத் தவிப்பதிலும் காதலனுக்காகத் தவிப்பதிலும் இருப்பது அதே காத்திருப்புதான். அதனால் அது தடையில்லை. தவிப்புக் காட்சி, தவிப்புப் படம், தவிக்கவைக்கும் உத்தி என்று கிளைகளும் எளிதாக வருகின்றன.

 

அகராதிப் பதிவுக்கு என் வரைவு இது:

தவிப்பு – வரப்போகும் கேட்டைப் பார்வையாளர் முன்பே அறிந்து, தடுக்க இயலாமல் முடிவுக்குக் காத்திருக்கும்படி அமைக்கும் கதை உத்தி. அதனால் உண்டாகும் மனநிலை.

‘கேடு’ என்று மட்டும் வரையறுத்தது குறுகலாக இருக்கிறதா? திருத்தம் இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்.