மறு: ரிங் கேப் – ‘வளைய இடைவெளி’ போதுமா?

> பிஸ்டன் ரிங்கின் இரு முனைகளுக்கும் நடுவே உள்ள கேப்பை ‘வளைய இடைவெளி’ என்றே வைத்துவிடலாம். யாருக்கும் புரியும்.

நம் இன்ஜின் கலைச்சொல் பட்டியலைப் படிப்பவருக்குப் புரியும் ஐயா, ஆனால் எந்த இடைவெளி என்று? காடிக்கும் (பிஸ்டனைச் சுற்றி ரிங் உட்காரும் பள்ளம்) ரிங்குக்கும் நடுவே ஒன்று, காடியின் உட்சுவருக்கு முன்னால் ஒன்று, வெட்டுமுனைகளுக்கு நடுவே ஒன்று. வீட்டில் இன்ஜினைப் பிரித்துப்போட்டவர் நம் குறிப்பைப் படித்துவிட்டு ஃபீலர் கேஜை (இடுக்கை அளக்கும் மெல்லிய தகடு) எங்கே நுழைப்பார்?

இந்தக் கடைசி இடைவெளிக்கு என் பரிந்துரை ‘வளையவாய்’. டொயோட்டா சுப்ராவின் இரட்டை டர்போ 2ஜேஇசட் இன்ஜினையே எடுத்துக்கொள்வோம். போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 86 மி.மீ. ரிங்கை மட்டும் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து அழுத்தினால் அது சாயாமல் உட்காரும். அப்புறம்தான் வாயை அளக்க வேண்டும். பொதுக் கணக்கு, போரின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஆயிரத்தில் நான்கு அங்குலம். டர்போ அழுத்தம் ஏற ஏற ஐந்து, ஆறு. இந்த போருக்கு அது சுமார் 0.34 முதல் 0.52 மி.மீ. வரை வரும். (ரிங் பெட்டியில் தாள் இருந்தால் அதுதான் இறுதி.) வாய் குறுகலாக இருந்தால் ஒரு முனையை மட்டும் ராவ வேண்டும், அதுவும் வெளிமுகத்திலிருந்து உள்நோக்கி. எதிர்த்திசையில் ராவினால் மேற்பூச்சு பெயர்ந்துவிடும்.

சூட்டில் ரிங் நீளும், வாய் மூடிக்கொண்டே வரும். முனைகள் முட்டிவிட்டால் ரிங் சுவரைக் கீறும், இல்லையென்றால் பிஸ்டனையே உடைக்கும். இதை ‘வாய் முட்டல்’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். வாயகலம், வாய் ராவல் என்று மற்றவையும் தானாக வரும். ‘இடைவெளி முட்டல்’ என்று எழுதிப் பாருங்கள், நிற்காது.

> ‘முனையிடைவெளி’ இன்னும் துல்லியம் இல்லையா?

துல்லியம்தான். ஆனால் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) முன்னும் பின்னும் நகர்வதற்கு ‘முனையாட்டம்’ என்ற சொல்லும் நம் பட்டியலில் பரிசீலனையில் இருக்கிறது. இரண்டையும் அளப்பது அதே ஃபீலர் கேஜ், பெரும்பாலும் அதே மேசையில். மாறிப்போகும்.

வாய் முட்டும்போது பிஸ்டனில் உடைகிற பகுதிக்கு, அதாவது இரண்டு காடிகளுக்கு நடுவே உள்ள மேட்டுக்கு, ‘காடிவரம்பு’ என்று போட்டிருக்கிறேன். வயலில் வரம்பைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

வளையத்தைத் தாண்டி கிராங்க் கேஸுக்குள் (கிராங்க் சுழலும் அடிக்கூடு) இறங்கும் வாயுவுக்கு ‘ஒழுகுவளி’ என்று எழுதி வைத்திருக்கிறேன். எனக்கே அது பிடிக்கவில்லை. நல்லதாக ஒன்று தோன்றினால் சொல்லுங்கள்.