கொரோனா நேரத்துல உங்க ஊர் பஞ்சாயத்து என்ன பண்ணுச்சு? மனசை விட்டுப் போகாத ஒண்ணைச் சொல்லுங்க

ஏரிக்கரையான்:

நானே ஆரம்பிக்கறேன். 2020 மே மாசம் கோயம்பேடு மார்க்கெட்ல இருந்து ஆளுங்க கெடைச்ச லாரியைப் புடிச்சு ஊருக்கு வந்தாங்களே, அப்ப நடந்தது. எங்களுது அரியலூர் மாவட்டம். கோயம்பேட்டுல மூட்டை தூக்கப் போன பசங்க எங்க தெருவுலயே நெறைய பேரு. ராத்திரி காய்கறி லாரியில வந்து மெயின் ரோட்டுலயே எறங்கிட்டானுங்க. ஊருக்குள்ள வர்ற வழியில கருவேல முள்ளை வெட்டிப் போட்டு அடைச்சு வச்சிருந்தோம்ல, அதுக்கு அந்தாண்ட அவனுங்க நிக்கறானுங்க, இந்தாண்ட ஊரே நிக்குது. பெத்த அம்மாவே "கிட்ட வராதடா அங்கயே நில்லு"ன்னு சொல்லிட்டு அழுவுது.

பிரசிடென்ட் ஜனவரி 6-ந் தேதிதான் பதவி ஏத்தவரு. அதுக்கு முன்னாடி 2016 அக்டோபர்ல இருந்து ஊருக்குத் தலைவரே கெடையாது, அரசாங்கம் போட்ட தனி அலுவலர்தான். செக்குல கையெழுத்து போட்டுப் பழகறதுக்குள்ள கொரோனா வந்துருச்சு. அவரு டிவிஎஸ்ல வந்து எறங்கி, தொடக்கப்பள்ளியைத் தொறந்து பசங்களை அங்க தங்க வைப்போம்னாரு. ஒடனே சத்தம். ஸ்கூல் காம்பவுண்டுக்குள்ளதான் வாட்டர் டேங்க் இருக்கு, இவனுங்க அங்க தங்குனா தண்ணியில கலந்து ஊருக்கே வந்துரும்னு ஆளாளுக்குக் கத்தறாங்க. அவரு பதிலே பேசல, பசங்களை உள்ள அனுப்பிக் கதவைச் சாத்திட்டு, டேங்குக்குக் கீழ இருக்கற குழாயைத் தொறந்து ரெண்டு கையாலயும் ஏந்தி எல்லாரும் பாக்கறாப்ல குடிச்சாரு. முழங்கை வழியா தண்ணி வழியுது, சட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு. "எம் பேத்திக்கும் இந்தத் தண்ணிதான் போவுது"ன்னு மட்டும் சொன்னாரு. கூட்டம் அப்படியே கலைஞ்சிருச்சு.

மறுநாள் பிஹெச்சி (ஆரம்ப சுகாதார நிலையம்) ஆளுங்க வந்து டெஸ்ட் எடுத்தாங்க, பாசிட்டிவ் வந்துச்சு. அன்னிக்கு அவனவன் வீட்டுக்கே போயிருந்தா ஒரே ரூம்ல படுத்துக் கெடக்கற கெழவன் கெழவிங்களுக்கு என்ன ஆயிருக்கும்னு இப்பவும் நெனைப்பேன்.

தென்பொதிகை:

அண்ணாச்சி, ஒங்க ஊருக்கு தண்ணியக் குடிச்சிக் காட்டவாவது ஒரு தலைவர் இருந்தாரு. நாங்க தென்காசி. மாவட்டத்தப் பிரிச்சிட்டாங்கன்னு 9 மாவட்டத்துல பஞ்சாயத்து எலக்சனே நடக்கலன்னு எல்லாருக்கும் தெரியும்லா. மத்த மாவட்டமெல்லாம் 2019 டிசம்பர்ல ஓட்டு போட்டாச்சு, எங்களுக்கு 2021 அக்டோபர்லதான். ரெண்டு அலையும் தலைவர் இல்லாமலே ஓடிப்போச்சு. தனி அலுவலர் ஒருத்தர், அவருக்கு எத்தன ஊரு, போன் போட்டா எடுக்கவே மாட்டாரு, அவரையும் குத்தம் சொல்ல முடியாது.

ஆளு இல்லாத எடத்துல இளந்தாரிப் பயலுவ புகுந்துட்டானுவ. ரோட்டுல உடைமுள்ள ஆள் ஒசரத்துக்குப் போட்டு அடைச்சிட்டானுவ. ஊர் நல்லதுக்குத்தான் போட்டானுவ, அது வேற. ஆனா ராத்திரி எங்க எதுத்த வீட்டு புள்ளைக்கு பிரசவ வலி வந்துட்டு, 108 வந்து முள்ளுக்கு அந்தப் பக்கம் நிக்கி. காவலுக்கு இருந்த பயலுவள்லாம் தூங்கப் போயிட்டானுவ. அந்த டிரைவர் எறங்கி செல்போன் லைட்ட வாயில கடிச்சிக்கிட்டு கையாலயே முள்ள இழுத்துப் போடுதாரு. போட்ருந்த கிளவுஸு கிழிஞ்சு தொங்குது, ரத்தம். நாங்க இந்தப் பக்கம் இருந்து அருவாளால வெட்டுதோம். உள்ள அந்தப் புள்ள கத்துத சத்தம் தெரு முழுக்க கேக்கு. எவ்ளோ நேரம் ஆச்சின்னு எனக்குச் சொல்லத் தெரியல, ஆனா அந்த டிரைவர் ஒரு வார்த்த திட்டல.

யாரு அந்த முள்ளப் போடச் சொன்னா, யாருகிட்ட சொல்லி எடுக்கணும், ராத்திரிக்கு யாரு பொறுப்பு, ஒண்ணுக்கும் பதில் கெடயாது. இதுதான் எனக்கு இன்னும் ஆறல.

கொங்குக்காரன்:

தென்பொதிகை சொல்றதுல பாதி சரிங்க, பாதி ஒத்துக்க முடியாதுங்க. ரோட்டை அடைச்சதே தப்புங்கற மாதிரி இருக்குதுங்க. ஈரோடு பக்கம் எங்க ஊர்ல அடைச்சோம், ஆனா முள்ளு போடலைங்க, ஒரு மூங்கில் கம்பை தூக்கி எறக்கற மாதிரி கட்டி, ராத்திரிக்கு ஷிஃப்ட் போட்டு ரெண்டு பேர் உக்காந்திருந்தோம். 108 வந்தா கம்பைத் தூக்குனா முடிஞ்சது. போர்டுல வார்டு மெம்பர் நம்பரும் விஏஓ நம்பரும் எழுதி வச்சிருந்தோமுங்க.

அதோட அருமை 2020 மே 7-ந் தேதி தெரிஞ்சுதுங்க. டாஸ்மாக்கைத் தொறந்தாங்களே அன்னிக்கு. கடை எங்க ஊருக்கு அந்தப் பக்கம், குறுக்கு வழி எங்க தெரு வழியாத்தான். காலைல ஆறு மணிக்கெல்லாம் எங்கெங்க இருந்தோ வண்டிங்க வந்து கம்புக்கு முன்னாடி வரிசை கட்டி நிக்குது. மாஸ்க் கிடையாது, கைக்குட்டைகூட கட்டலைங்க. போலீஸ் ஒருத்தர்கூட அங்க இல்ல. எங்க வார்டு மெம்பர், அறுவது வயசு அம்மா, தறி ஓட்டறவங்க, கம்பைப் புடிச்சிட்டு நின்னாங்க பாருங்க. ஒருத்தன் "நீ யாரு கேக்கறதுக்கு"ன்னு எகிறுறான். "இந்த வார்டுல ஓட்டு வாங்குனவ, மெயின் ரோட்டுல சுத்திப் போ"ன்னு சொல்லிட்டு நகரவே இல்லைங்க. வெயில் ஏறுற வரைக்கும் நின்னாங்க. அதனால முள்ளு தப்புங்க, காவல் தப்பு இல்லைங்க.

தென்பொதிகை:

அண்ணாச்சி, காவல் தப்புன்னு நான் எங்க சொன்னேன்? ஒங்க மெம்பர் "ஓட்டு வாங்குனவ"ன்னு சொல்ல முடிஞ்சுது பாத்தீங்களா, அந்த வார்த்தையச் சொல்ல எங்க ஊர்ல ஆளு இல்லன்னுதான் சொல்லுதேன். அந்தப் புள்ள நல்லாருக்கா, கொழந்த ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே பொறந்துட்டு.

தெக்குத்தெரு பொண்ணு:

எல்லாரும் தலைவர், மெம்பர்னு பேசறீங்க. எங்கம்மா தூய்மைக் காவலர். அப்ப மாசம் 2,600 ரூபா சம்பளம். ஊரடங்குன்னு எல்லாரும் உள்ள இருந்தப்ப தெருத்தெருவா போனது அவங்கதான். சோளக்காட்டுக்கு மருந்தடிக்கற ஸ்பிரேயரை யார் வீட்லயோ கேட்டு வாங்கிக் குடுத்தாங்க, அதை முதுகுல மாட்டிக்கிட்டு லைசாலும் ப்ளீச்சிங் பவுடர் தண்ணியும் அடிப்பாங்க. கிளவுஸ் ஒரு தடவை குடுத்தாங்க, கிழிஞ்சதும் வேற தரல. ராத்திரி சோறு பெசைய முடியாம கை எரியும், நான்தான் ஊட்டி விடுவேன்.

திருப்பூர்ல இருந்து கொஞ்ச பேரு நடந்தே வந்தாங்க. பஸ் ஸ்டாப்ல வரிசையா உக்கார வச்சு, இவங்க மேல மருந்தடிங்கன்னு ஊர்ப் பெரியவங்க அம்மாகிட்ட சொன்னாங்க. அதுல கைக்குழந்தை வச்சிருந்த பொண்ணும் இருந்துச்சு. அம்மா ஸ்பிரேயரை எறக்கி கீழ வச்சிட்டு, "எங் கைத் தோலே உரிஞ்சு போயிருக்கு பாருங்க, இதை எப்படிங்க புள்ள மேல அடிக்கறது"ன்னு ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டுனாங்க. எங்க ஊர்ல எங்கம்மா மாதிரி ஆளு அவங்க முகத்தைப் பாத்துப் பேசறதுன்னா என்னன்னு கிராமத்துல இருக்கறவங்களுக்குப் புரியும். கொஞ்ச நேரம் யாரும் வாயே தொறக்கல. அப்புறம் கிளர்க் வந்து சரி சோப்பு போட்டுக் குளிச்சிட்டு வரட்டும்னு சொல்லி அனுப்பிட்டாரு.

அவங்க நடந்து வந்த கால்ல கொப்புளம் இருந்துச்சு. அதுல அந்தத் தண்ணி பட்டிருந்தா...

ஓய்வு ஹெச்ஐ:

தங்கச்சி, உங்க அம்மா செஞ்சதுதான் முழுக்கச் சரி. மத்திய சுகாதாரத் துறையே 2020 ஏப்ரல்ல ஆள் மேல கிருமிநாசினி அடிக்கக்கூடாது, கண்ணும் தோலும் எரியும், மூச்சுக்கும் கெடுதல், உள்ள போன கிருமி அதனால சாகாதுன்னு அறிவுரை குடுத்துருச்சு. அப்படியும் பல ஊர்ல அடிச்சாங்க.

ஹெல்த் இன்ஸ்பெக்டரா இருந்த என்னை உறுத்தறது ரெண்டாவது அலை. 2021 மே, வீடு வீடா காய்ச்சல் கணக்கெடுப்பு. ஒரு பாட்டி திண்ணையில உக்காந்து கன்னுக்குட்டிக்குத் தண்ணி வைக்கச் சொல்லி பேரனைத் திட்டிக்கிட்டு இருக்காங்க. ரத்தத்துல ஆக்சிஜன் அளவு பாக்கற ஆக்சிமீட்டரை விரல்ல மாட்டுனா 82 காட்டுது. மிஷின் கோளாறுன்னு என் விரல்ல மாட்டிப் பாத்தேன், 98. காய்ச்சலே இல்லையே எனக்கு என்ன வந்துச்சுன்னு கேக்கறாங்க. அன்னிக்கு பெட் கெடைக்கல.

இதை இங்க படிக்கற பஞ்சாயத்து ஆளுங்க எழுதி வச்சுக்குங்க. ப்ளீச்சிங் பவுடரை சுண்ணாம்போட கலந்து ரோட்டோரம் கோடு போடறதை மொதல்ல நிறுத்துங்க, பாக்கத்தான் வெள்ளையா இருக்கும், கிருமிக்கு ஒண்ணும் ஆகாது. தெளிக்கணும்னா நல்ல பவுடர் (குளோரின் 30 சதவீதத்துக்கு மேல இருக்கறது) லிட்டருக்கு 30 கிராம், 10 லிட்டர் பக்கெட்டுக்கு 300 கிராம், அப்பதான் 1 சதவீதக் கரைசல் வரும். பிளாஸ்டிக் பக்கெட்லதான் கலக்கணும், தெளிய விட்டு மேல்தண்ணியை மட்டும் எடுக்கணும், இல்லன்னா நாசில் அடைச்சுக்கும். அன்னன்னிக்கு கலக்கறதை அன்னன்னிக்கே தீர்த்துருங்க, வெயில்ல வச்சா வேகம் போயிரும். கைப்பிடி, குழாய், பெஞ்சு மாதிரி கை படற எடத்தைத் துடைச்சுப் பத்து நிமிஷம் விடணும், இரும்பா இருந்தா அப்புறம் தண்ணியால கழுவணும். ஆசிட்டோட மட்டும் சேர்த்துராதீங்க, விஷ வாயு வரும், கக்கூஸ் கழுவறப்ப இப்படி மயங்குனவங்க உண்டு.

குடிதண்ணி டேங்குக்கு வேற கணக்கு. 1,000 லிட்டருக்கு 4 கிராம் பவுடர். 30,000 லிட்டர் டேங்க்னா 120 கிராம், கொஞ்சம் தண்ணியில கரைச்சுத் தெளிஞ்சதை ஊத்தணும், அரை மணி நேரம் கழிச்சுத்தான் தொறந்து விடணும். கடைசித் தெருவோட கடைசிக் குழாயில குளோரின் 0.2 பிபிஎம் (லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்) ஆவது இருக்கான்னு பாக்கணும், டேங்குக்கு அடியிலயே பாத்துட்டு நோட்ல எழுதறது பிரயோஜனம் இல்ல. மூட்டையைப் பிரிச்சா காத்துப் புகாம கட்டி வைங்க, ஈரத்துல கெடந்த பவுடர் வெறும் மாவுதான். ஆக்சிமீட்டர் பாக்கறப்ப மருதாணியும் நெயில் பாலிஷும் இல்லாத விரலாப் பாருங்க, கை ஜில்லுனு இருந்தா தேச்சு சூடாக்கிட்டுப் பாருங்க. 94-க்குக் கீழ காட்டுனா, ஆளு எவ்வளவு தெம்பாப் பேசுனாலும் கூட்டிட்டுப் போங்க.

கொங்குக்காரன்:

ஹெச்ஐ சார், எல்லாம் சரிங்க. ஆனா தங்கச்சி கேட்டது கிளவுஸ்ங்க. பவுடர் கணக்கை அந்த அம்மாவுக்கு யார் வந்து சொல்லிக் குடுத்தாங்க?

ஓய்வு ஹெச்ஐ:

யாரும் சொல்லிக் குடுக்கல. பல ஊர்ல அதுதான் நிலைமை.

கரிசல்மண்:

எங்க பெரியப்பா 2021 மே மாசம் போயிட்டாரு. விருதுநகர் மாவட்டம். ஆஸ்பத்திரியில இருந்து பாடியை பேக் பண்ணி ஆம்புலன்ஸ்ல குடுத்து விட்டாங்க. சுடுகாட்டுக்குப் போற பாதையில ஊர்க்காரங்க மறிச்சுட்டாங்க, கண்மாய்க்குப் பக்கத்துல புதைச்சா தண்ணி கெட்டுப்போகும்னு. அவர்கிட்ட டியூசன் படிச்ச பயலுவளே நின்னானுங்க. குழி தோண்ட வந்த ஜேசிபி டிரைவரை, வண்டியை எடுத்தா கண்ணாடி இருக்காதுன்னு மெரட்டிட்டாங்க, அந்த ஆளு சாவியை எடுத்துட்டு எறங்கப் போறாரு.

எங்க பிரசிடென்ட் ஒரு அக்கா. தலைவர் பதவியை லேடீஸுக்கு ஒதுக்குனதால நின்னு ஜெயிச்சவங்க, அதுவரைக்கும் மீட்டிங்குக்கு எல்லாம் அவங்க வீட்டுக்காரர்தான் வருவாரு. அன்னிக்கு வீட்டுக்காரருக்கே பாசிட்டிவ், வீட்டுல தகரம் வச்சு அடைச்சு "தனிமைப்படுத்தப்பட்ட வீடு"ன்னு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாங்க. அக்காவுக்கு ரிசல்ட் நெகட்டிவ்ங்கறதால அவங்க அம்மா வீட்டுல தனியா இருந்தாங்க. விஷயம் கேட்டு ரெண்டு மாஸ்க் போட்டுக்கிட்டு நடந்தே வந்து எல்லாரையும் விட்டு தள்ளி நின்னு, அந்த டிரைவரைப் பாத்து "தம்பி நீ தோண்டு, யாரு கேட்டாலும் பிரசிடென்ட் சொன்னாங்கன்னு சொல்லு"ன்னாங்க. அப்புறம் கூட்டத்தைப் பாத்து, பொணத்தை மறிச்சா 3 வருசம் வரைக்கும் ஜெயில்னு போன வருசமே சட்டம் போட்டாச்சு, மறிக்கறவங்க பேரைச் சொல்லுங்க எழுதிக்கறேன்னு நோட்டை எடுத்தாங்க. 2020 ஏப்ரல்ல போட்ட அவசரச் சட்டம் அது, எனக்கே அவங்க சொல்லித்தான் தெரியும். ஒவ்வொருத்தனா பின்னாடி நகர்ந்தான். ஜேசிபி ஸ்டார்ட் ஆன சத்தத்தைக் கேட்டப்பதான் எங்க பெரியம்மா அழ ஆரம்பிச்சாங்க, அது வரைக்கும் அழக்கூட இல்ல.

அதுக்கப்புறம் எல்லா மீட்டிங்குக்கும் அந்த அக்காதான் வந்தாங்க.

ஆத்தோரம்:

கரிசல்மண் அண்ணே, படிச்சதும் மனசு கனத்துப் போச்சு, அந்த அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க.

என்னோடது சின்ன விஷயம், ஆனா விட மாட்டேங்குது. 2020 மே 1, ஆகஸ்ட் 15 ரெண்டு கிராம சபையும் நடக்கல. அக்டோபர் 2 கடைசி நேரத்துல ரத்துன்னுட்டாங்க. நோய் பரவும்னு நிறுத்துனது புரியுது. ஆனா பஞ்சாயத்துல எப்பவும் இல்லாத அளவுக்கு மருந்து, ஆள் கூலின்னு காசு போன வருஷமே கணக்கு கேக்கற எடத்தைப் பூட்டிட்டாங்களே. ஒரு தடவை ஆத்துத் திடல்ல தள்ளித்தள்ளி உக்கார வச்சாவது நடத்தியிருக்கலாம்.

2021 அக்டோபர் 2-ல மறுபடி நடந்துச்சுல்ல, எங்க ஊர்ல போய் எழுந்து நின்னு கேட்டேன். கொரோனாவுக்குன்னு வாங்குன ப்ளீச்சிங் பவுடர் எத்தனை மூட்டை, கிளவுஸ் எத்தனை ஜோடி, யார் யாருக்குக் குடுத்தீங்கன்னு. செயலர் நோட்டைப் புரட்டறாரு, புரட்டறாரு, பக்கம் வரவே இல்ல. அப்ப பின்னாடி நின்ன தூய்மைக் காவலர் அம்மா ஒருத்தங்க, "எனக்கு ரெண்டு ஜோடி குடுத்தாங்க, அதை மட்டும் எழுதுங்க"ன்னாங்க. அதைத் தீர்மானத்துல ஏத்தச் சொல்லி நாங்க கொஞ்ச பேரு அசையாம நின்னோம், கடைசில ஏத்துனாங்க. நகல் கேட்டு மனு குடுத்தும் வாங்கிட்டேன்.

தெக்குத்தெரு பொண்ணு, உங்க ஊர்ல யாராச்சும் இதைக் கேட்டாங்களா? கேக்கலன்னா அடுத்த கிராம சபைக்கு அம்மாவைக் கூட்டிட்டுப் போங்க, மனு எப்படி எழுதறதுன்னு நான் சொல்றேன்.