புதுப்பிப்பு: தாராவி அடிதடி வழக்கு, வக்கீல் கிடைத்துவிட்டார்

ஊரிலிருந்து தாராவிக்குத் தோல் பட்டறை வேலைக்கு வந்த அத்தை மகன் அடிதடி வழக்கில் உள்ளே இருக்கிறான், வக்கீல் வைக்கக் காசில்லை என்று எழுதியிருந்தேன் அல்லவா? 15100 என்ற இலவசச் சட்ட உதவி எண்ணுக்குக் கூப்பிடச் சொன்னவருக்குக் கோடி நன்றி. இலவச வக்கீல் கிடைத்துவிட்டார். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பே கிடையாது. 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆவது பிரிவு. இது தெரியாமல் அத்தை தாலிச் செயினோடு அடகுக் கடை வாசல் வரை போய்விட்டார்.

வக்கீலம்மா மராத்திக்காரர், படு கெட்டி. முதலில் கேட்டதே கைதுக்கான காரணம் எழுதிய தாளைத்தான். முழுக்க மராத்தி! பையனுக்குத் தமிழை விட்டால் உடைந்த இந்திதான். கைதானவருக்குப் புரியும் மொழியில் அதை எழுத்தில் தரவேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது, அதுவும் ஒரு மும்பை வழக்கில். ஜாமீன் மனுவில் அதையும் சேர்த்துவிட்டார். திங்கட்கிழமை விசாரணை.