யாழ்ப்பாணத்து வலிகாமத்துக் கிணறுகளைக் கெடுப்பது யூரியாவா?

கோண்டாவில்காரி:
கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். யூரியா மண்ணில் மாறி வருகிற நைத்திரேற்று உப்பு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல், அதாவது உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லையைத் தாண்டி விட்டது. கைக்குழந்தைக்கு இந்தத் தண்ணீரில் பால்மா கரைக்க வேண்டாம், உடம்பு நீலம் பாரிக்கும் என்கிறார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் வெங்காயத் தோட்டம், யூரியாவுக்குக் குறைவே இல்லை. ஒரு பரப்பு நிலத்துக்கு இவ்வளவு யூரியாதான் என்று சட்டம் போட்டால் என்ன?

வெங்காயத்தான்:
தங்கச்சி, 2021 மே மாதம் அரசாங்கத்தார் இரசாயனப் பசளையை ஒரேயடியாக நிறுத்தினார்கள், நவம்பரில் தாங்களே கைவிட்டார்கள், இடையில் நட்டப்பட்டது நாங்கள். அதற்குப் பிறகு யூரியா விற்ற விலைக்கு ஒருவரும் சும்மா அள்ளி எறியவில்லை. மலக்கழிவிலிருந்தும் நைத்திரேற்று வரும், உங்கள் வளவில் மலக்குழி இல்லையா?

கோண்டாவில்காரி:
இருக்கிறது. கட்டி 12 வருசம், ஒரு தடவைகூட நிரம்பியதில்லை, கழிவு உறிஞ்சுகிற பவுசர் கூப்பிட்டதே இல்லை. அதில் பிழை பிடிக்க வேண்டாம்.

பழைய மேசன்:
பிள்ளை, நிரம்பாததுதான் பிழை. நான் குழி வெட்டிய ஆள். செம்பாட்டு மண் சில வளவில் நாலடிதான், கீழே சுண்ணாம்புக்கல், அலவாங்கு (கடப்பாரை) போட்டால் வெடிப்புத் தெரியும். ஒருமுறை அப்படி ஒரு வெடிப்புக்குள் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம், போன இடம் தெரியவில்லை, வீட்டுக்காரர் "நல்லது, இனி நிரம்பாது" என்று சந்தோசப்பட்டார். கிணற்றுக்கும் குழிக்கும் இத்தனை அடி இடைவெளி என்று அளக்கிறோம், சரி, கல்லுக்குள் வெடிப்பு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று யார் கண்டது?

யாழ்நகரான்:
ஏன் இந்தச் சண்டை? தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024ல் திறந்தாயிற்று, குழாய்த் தண்ணீர் எடுங்கள். அதுவரை கொதிக்க வைத்துக் குடியுங்கள்.

கோண்டாவில்காரி:
குழாய் எங்கள் ஒழுங்கைக்கு வரவில்லை. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்றுப் போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். கேத்திலில் படிகிற வெள்ளைக் கல்லைப் பார்த்துப் பயப்படுகிறோம், அது வெறும் சுண்ணாம்பு. நைத்திரேற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

விவசாய மாணவன்:
வெங்காயத்தான் அண்ணை, நீங்களும் தப்ப முடியாது. பசளை போட்ட கையோடு வாய்க்கால் நிறைய இறைக்கிறீர்கள். பயிர் எடுத்தது போக மிச்சம் அந்தத் தண்ணீரோடு கீழே இறங்கி, நீங்கள் இறைத்த அதே கிணற்றுக்கே திரும்பி வருகிறது. ஒரே தரமாகப் போடாமல் பிரித்துப் போடுங்கள், தூவல் பாசனம் வையுங்கள்.

வெங்காயத்தான்:
தூவல் குழாய்க்குக் காசு யார் தருவது, நீங்களா? வெங்காயம் விலை விழும்போது ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் பிரித்துப் போடுவது முடியும், அதை மறுக்கவில்லை. அப்புறம் ஒன்று, மாரி மழைக்குப் பிறகு என் கிணற்றுத் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுக்கிறேன், முடிவை இங்கேயே போடுகிறேன். தங்கச்சி, நீங்கள் மலக்குழி மூடியைத் திறந்து அடித்தளம் கட்டியிருக்கிறதா என்று மேசன் ஐயாவுக்குக் காட்டுவீர்களா?

கோண்டாவில்காரி:
காட்டுகிறேன். சீமெந்து பூசி மூடியது, அதற்கு மேல் இப்போது மோட்டார் சைக்கிள் கொட்டகை வேறு. ஐயா வரும்போது அலவாங்கையும் கொண்டு வாருங்கள்.