பரணில் கிடைத்த டயக்ளோன் ரோபோக்கள்: அசலா, டூப்ளிகேட்டா?

முத்தியால்பேட்டை_வீடு:
வணக்கம். புதுச்சேரி முத்தியால்பேட்டையில எங்க பெரியப்பா வீட்டைக் காலி பண்ணிட்டு இருக்கோம். அவர் பிரெஞ்சு ராணுவத்துல இருந்தவர். எண்பதுகள் நடுவுல லீவுல வந்தப்ப எங்க அண்ணனுக்கு வாங்கிட்டு வந்த, காரா மாறுற ரோபோ ரெண்டு பரண்ல ஒரு பிஸ்கட் டின்ல கிடைச்சுது. ஒண்ணு சிவப்பு லம்போர்கினி, பின்பக்கம் என்ஜின் வெளியில தூக்கிட்டு நிக்குது. இன்னொண்ணு கறுப்பு வெள்ளை போலீஸ் கார். கூடவே ஒரு குட்டி ஆள் பொம்மை, அதோட பாதத்துல காந்தம் இருக்கு. ஒரு பொட்டலத்துல கை, ஏவுகணை மாதிரி சில்லறை சாமான். ஒரு கிழிஞ்ச அட்டை மூடியும் இருக்கு. அதுல டயக்ளோன், ஜூஸ்த்ரான்னு ரெண்டு பேர். எங்கயும் ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ்னு இல்லை.

சண்டே மார்க்கெட்ல பழைய சாமான் வாங்குற ஒருத்தர்கிட்ட காட்டினோம். "முத்திரையே இல்லம்மா, டூப்ளிகேட். ரெண்டும் சேத்து ஐநூறு தரேன்"னார். குடுத்துடலாமா? வெள்ளை பாகம் மஞ்சளடிச்சிருக்கு, சோப்புத் தண்ணில ஊற வைக்கலாமா? அண்ணனோட நாலு வயசுப் பையன் வேற எனக்குத்தான்னு ஒத்தக்கால்ல நிக்கிறான்.

லாஸ்பேட்டை_86:
எனக்கும் டூப்ளிகேட்னுதான் தோணுது. அசல் ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ்ல ஆட்டோபாட் முகம், அதான் நல்ல ரோபோ அணியோட சின்னம், ஒட்டியிருக்கும். விரல் வெச்சுத் தேய்ச்சா சூட்டுல உருவம் தெரியுற சதுர ஸ்டிக்கரும் இருக்கணும். மஞ்சளுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி மொட்டை மாடி வெயில்ல வைங்க, பளிச்னு ஆயிடும்.

ஓ.டி._மிக்ஸி_கடை:
தங்கச்சி, ஐநூறுக்குக் குடுத்துடாதீங்க. பெராக்சைடும் இப்ப வேண்டாம். நான் கடலூர் ஓல்டு டவுன்ல மிக்ஸி, கிரைண்டர் பழுது பாக்குறவன். இந்த ரோபோக்களைச் சின்ன வயசுலேர்ந்து சேக்குறேன். கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுமையா படிங்க.

டயக்ளோன்ங்கிறது ஜப்பான்ல டக்காரா கம்பெனி 1980-ல ஆரம்பிச்ச வரிசை. நிஜக் கார் அப்படியே ரோபோவா மாறுற வகை அதுல 1982-ல வந்துச்சு. அந்தக் கதையில ரோபோவுக்கு உயிர் கிடையாது, உள்ள ஒரு ஆள் உக்காந்து ஓட்டணும். கதவு திறக்கிறதும் உள்ள சீட் இருக்கிறதும் அதுக்காகத்தான். உங்க டின்ல இருக்கிற காந்தக்கால் பொம்மைதான் அந்த ஓட்டுநர். அது தொலையாம இருக்குன்னு படிச்சப்ப எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஏன்னா முதல்ல காணாமப் போறது அதுதான்.

அமெரிக்காவோட ஹாஸ்ப்ரோ இந்த அச்சுகளையும், டக்காராவோட மைக்ரோ சேஞ்ச்ங்கிற இன்னொரு வரிசையையும் வாங்கி 1984-ல ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ்னு விட்டாங்க. ஓட்டுநரை எடுத்துட்டு ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு, ஒரு குணம், ஒரு சின்னம் குடுத்தாங்க. டயக்ளோன்ல பேட்டில் கான்வாய்னு இருந்த லாரிதான் ஆப்டிமஸ் பிரைம். பம்பிள்பீ, சவுண்ட்வேவ், துப்பாக்கியா மாறுற மெகாட்ரான் எல்லாம் மைக்ரோ சேஞ்ச்லேர்ந்து வந்தவங்க. பிரான்ஸ்ல ஜூஸ்த்ராவும் இத்தாலியில ஜிக்னு ஒரு கம்பெனியும் அந்த வருஷங்கள்லயே டயக்ளோன் பொம்மைகளை வித்தாங்க. அதனால பிரான்ஸ்லேர்ந்து வந்த பொம்மையில ஆட்டோபாட் முகம் இல்லைன்னா அது இயல்புதான்.

சதுர ஸ்டிக்கர் விஷயம்: அது ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ்லயே 1985-லதான் வந்துச்சு, போலிகளை ஒதுக்கத்தான் வெச்சாங்க. டயக்ளோன்ல அதைத் தேடவே கூடாது. லாஸ்பேட்டை தம்பி சொல்றது அதுக்கப்புறம் வந்த பொம்மைக்குப் பொருந்தும்.

நிறமும் பேசும். என்ஜின் வெளியில நீட்டுற அந்த லம்போர்கினி கவுன்டாக் கார், ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ்ல சன்ஸ்ட்ரீக்கர்ங்கிற பேர்ல மஞ்சளா வந்துச்சு. உங்களது சிவப்பு. இது டயக்ளோன் நிறம். ஆனா நிறத்தை மட்டும் வெச்சு முடிவு கட்ட முடியாது, போலி பண்றவங்களும் நிறம் மாத்துவாங்க.

அதனால பொம்மையையே பாருங்க. நல்ல வெளிச்சத்துல, லென்ஸ் இருந்தா லென்ஸோட, கார் அடிப்பக்கம், கால் உள்பக்கம், கதவு உள்பக்கம் தேடுங்க. டக்காரா பேரும் ஜப்பானும் அச்சுலயே பொறிச்சிருக்கணும், எழுத்து விளிம்பு கூர்மையா இருக்கணும். போலி பண்றவங்க பல பேர் அசல் பொம்மையிலேர்ந்தே அச்சு எடுப்பாங்க. பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்குறதால அது ஒரு நூல் சின்னதா இருக்கும், எழுத்து மழுங்கியிருக்கும், இல்லன்னா எழுத்தைச் சுத்தமா அழிச்சிருப்பாங்க. அப்புறம் உலோகம். அந்தக் காலத்துக் கார் ரோபோவுல எங்கயாவது மெட்டல் பாகம் கட்டாயம் தட்டுப்படும், கையில எடுத்தா எடை தெரியும், கன்னத்துல வெச்சா சில்லுனு இருக்கும். காந்தம் வெச்சுப் பாக்காதீங்க. அது துத்தநாகக் கலவை, ஒட்டாது. உள்ள இருக்கிற இரும்புப் பின்ல மட்டும்தான் ஒட்டும்.

இனிமே நான் சொல்றதுதான் ரொம்ப முக்கியம். ரோபோவா மாத்திப் பாக்காதீங்க. உப்பனாறு ஓரத்துல கடை வெச்சிருக்கேன், உப்புக்காத்து இரும்பை என்ன பண்ணும்னு தினம் பாக்குறேன். முத்தியால்பேட்டையும் கடலோரம்தான். இந்த பொம்மைகளோட மூட்டெல்லாம் இரும்புப் பின்ல நிக்குது. பின் துருப்பிடிச்சா ஊதும், ஊதினா சுத்தியிருக்கிற பிளாஸ்டிக்கை இறுக்கும். அந்த நிலையில வேகமாத் திருப்பினா மூட்டு விரிஞ்சுடும். பின் முனையில பழுப்பு வளையம் தெரியுதான்னு பாருங்க. தெரிஞ்சா அந்த மூட்டை அசைக்காதீங்க. தெரியலன்னா கூட முதல் தடவை மயிரிழை மயிரிழையா நகத்துங்க, எங்க தடுத்தாலும் அங்கயே நிறுத்துங்க.

இதே காரணத்துக்காகத்தான் சோப்புத் தண்ணியும் வேண்டாம்ங்கிறேன். பின் துவாரத்துக்குள்ள போற தண்ணி வெளியில வராது. ஸ்டிக்கர் சுருளும், வெள்ளிப் பூச்சு உரியும். காஞ்ச மெல்லிசு பிரஷ்ஷால தூசி தட்டுங்க. அழுக்கு போகலன்னா, பஞ்சுக் குச்சியை நனைச்சு நல்லா பிழிஞ்சு, ஸ்டிக்கர் பக்கம் போகாம துடைங்க. நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர் ரெண்டும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கைக் கரைச்சுடும், கிட்டவே கொண்டு போகாதீங்க.

மஞ்சள் வெளிச்சத்தால மட்டும் வர்றதில்ல, சூடும் காத்தும் பட்டாலே பரண் இருட்டுலயும் மஞ்சளாகும். பெராக்சைடு அதை வெளுக்கும், உண்மைதான். ஆனா நம்ம வெயில்ல அது திட்டுத் திட்டா வெளுத்துடும், ஸ்டிக்கர் போயிடும். பழைய பொம்மை தேடுறவங்க சீரான பழுப்பை ஏத்துப்பாங்க, வெளுத்த திட்டை ஏத்துக்க மாட்டாங்க.

விலை பத்தி: ஈபேல ஆளாளுக்குக் கேக்குற விலையை நம்பாதீங்க. வித்து முடிஞ்சதை மட்டும் காட்டுற வசதி அதுலயே இருக்கு, அதைப் பாருங்க. கை, ஏவுகணை, ஓட்டுநர் எல்லாம் சேந்து இருந்தா ஒரு விலை, ஒண்ணு குறைஞ்சாலும் வேற விலை. அந்தக் கிழிஞ்ச மூடியையும் தூக்கிப் போட்டுடாதீங்க, எங்கேர்ந்து வந்துச்சுன்னு சொல்ற சாட்சி அதுதான்.

முத்தியால்பேட்டை_வீடு:
ரொம்ப நன்றிண்ணா. அப்பாவோட கடிகார லென்ஸ் வெச்சுப் பாத்தேன். சிவப்புக் கார்ல டக்காரா, ஜப்பான் ரெண்டும் தெளிவா இருக்கு. நல்ல கனம். ஒரு பின்ல மட்டும் பழுப்பு வளையம் இருக்கு, அசைக்கல. போலீஸ் கார்ல எங்க தேடியும் எழுத்தே இல்லை, எழுத்து இருக்க வேண்டிய எடம் வழவழன்னு இருக்கு. மெட்டலும் இல்லை, தூக்கினா லேசா இருக்கு. அண்ணனுக்குப் போன் போட்டேன். அது பெரியப்பா கொண்டு வந்தது இல்லையாம். அதுக்கப்புறம் நேரு வீதியில ஒரு ஃபேன்சி ஸ்டோர்ல அம்மா வாங்கிக் குடுத்ததாம்.

லாஸ்பேட்டை_86:
அண்ணே, நல்லா கத்துக்கிட்டேன். ஒரு சந்தேகம், இப்ப கடையில விக்கிற புதுசுல போலியை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஓ.டி._மிக்ஸி_கடை:
தம்பி, 2021 ஜனவரியிலேர்ந்து நம்ம நாட்டுல விக்கிற பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். பெட்டியில அது இல்லன்னா கீழ வெச்சுடுங்க. முத்திரை இருந்தாலும் அது பாதுகாப்புக்கு மட்டும்தான் சாட்சி. ஹாஸ்ப்ரோ, டக்காரா டோமி ரெண்டு பேரும் பெட்டியில இருக்காங்களான்னு தனியாப் பாக்கணும். டக்காராவும் டோமியும் 2006-ல ஒண்ணாயிட்டாங்க.

தங்கச்சி, அப்ப சண்டே மார்க்கெட்காரர் ஒண்ணுல சரியாச் சொல்லியிருக்கார். போலீஸ் கார் நகல்தான். ஆனா நகல்னு ஒதுக்காதீங்க, உங்கம்மா வாங்கிக் குடுத்தது. அண்ணன் பையனுக்கு அதைக் குடுக்கலாம். முதல்ல விளிம்பு எங்கயாவது உடைஞ்சு கூரா இருக்கான்னு தடவிப் பாருங்க, ஏவுகணை, கை மாதிரி வாயில போடுற சின்னச் சாமான் எல்லாத்தையும் எடுத்துடுங்க. அந்தக் காந்தக்கால் ஓட்டுநர் மட்டும் குழந்தை கைக்கு எட்டவே கூடாது. ரெண்டு காந்தம் வயித்துக்குள்ள போனா குடலுக்கு ரெண்டு பக்கமும் இழுத்துப் பிடிச்சுக்கும், ஆபரேஷன் வரைக்கும் போயிடும்.

சிவப்பை அமிலமில்லாத காகிதத்துல சுத்தி, சிலிக்கா ஜெல் பொட்டலம் ரெண்டு போட்டு, மூடி இறுகுற டப்பாவுல வைங்க. டயர் ரப்பரா இருந்தா தெர்மாகோல் மேல படாம பாத்துக்குங்க, கோடை வெயில்ல ரப்பர்லேர்ந்து வர்ற எண்ணெய் அதை அரிச்சுடும். ரப்பர் பேண்டும் போடாதீங்க. பழுப்பு வளையம் இருக்கிற பின்னைப் பக்கத்துலேர்ந்து ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க. தட்டி எடுத்துப் புதுசு மாத்தலாமா, அப்படியே விடணுமான்னு பாத்துட்டுச் சொல்றேன்.