துவாக்குடி பாய்லர் ஷாப்: இனி எந்தப் பக்கம் திரும்புவது?

பூதலூர்த் தம்பி:
திருச்சி பக்கத்துத் துவாக்குடியில் மாமாவின் ஃபேப்ரிகேஷன் ஷாப்பில் (இரும்பை வெட்டி வெல்டு செய்யும் பட்டறை) வேலை பார்க்கிறேன். அனல் மின்நிலைய பாய்லருக்கான டியூப் சுவர்ப் பேனல், வளைத்த டியூப் காயில், காற்றுப் புகை போகும் டக்ட் இதுதான் எங்களுக்குச் சோறு. 2010களின் நடுவில் ஆர்டர் வற்றிப் பக்கத்து ஷெட்டுகள் பூட்டியதைப் பார்த்தவர் மாமா, இப்போது நிலக்கரி மின்நிலைய ஆர்டர் திரும்ப வந்தும் அவருக்குத் தூக்கம் இல்லை. காற்றாலை டவருக்குப் போய்விடலாமா என்கிறார். பெரிய கம்பெனிகளெல்லாம் இதை எப்படிச் சமாளிக்கின்றன? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திருவெறும்பூர்க்காரன்:
பெரியவர்களே தடுமாறித்தான் வந்தார்கள் தம்பி. அமெரிக்காவின் ஜிஇ 2015இல் பிரான்சின் அல்ஸ்டாம் கம்பெனியின் மின்கருவித் தொழிலை வாங்கியது, அப்புறம் சந்தை சரிந்து 2018இல் மின்பிரிவுக் கணக்கில் சுமார் 2,200 கோடி டாலரைத் தள்ளுபடி செய்தது. 2020இல் ஜிஇ, ஜெர்மனியின் சீமென்ஸ் எனர்ஜி இரண்டுமே புது நிலக்கரி நிலையங்களுக்கு இனி இல்லை என்று அறிவித்தன, ஆனால் பழைய நிலையங்களின் சர்வீஸை விடவில்லை. அதைக் கவனியுங்கள்.

காவிரிக்கரை:
டவர் பக்கம் அவசரப்பட வேண்டாம். சீமென்ஸ் எனர்ஜியின் காற்றாலைக் கம்பெனியான சீமென்ஸ் கமேசாவின் தரைக் காற்றாலைகளில் தரக் கோளாறு வெளியே வந்து, 2023இல் தாய்க் கம்பெனியான சீமென்ஸ் எனர்ஜிக்கு ஜெர்மன் அரசு உத்தரவாதம் கொடுக்கும் அளவுக்குப் போனது. நமக்கோ தடித்த பிளேட்டை உருட்டும் ரோலிங் மெஷினும் தடித்த பிளேட்டை இணைக்கும் சப்மெர்ஜ்டு ஆர்க் வெல்டிங் செட்டப்பும் வாங்கப் பெரிய கடன், ஆர்டர் நின்றால் கழுத்தைப் பிடிக்கும்.

என் கண்ணுக்குத் தெரிவது வேறு. பகலில் சோலார் ஏறினால் அனல் நிலையம் லோடைக் குறைத்தாக வேண்டும், 55 சதவீதம் வரை இறங்கி ஓட வேண்டும் என்று 2023இலேயே மத்திய மின்சார ஆணையம் விதி போட்டுவிட்டது, அடுத்த இலக்கு 40. ஒரே சீராக எரிந்த பாய்லர் தினமும் ஏறி இறங்கினால் டியூப் விரிந்து சுருங்கி, வளைவிலும் வெல்டிலும் விரிசல் விட்டு லீக் ஆகும். அந்தக் காயிலையும் பேனலையும் மாற்றித்தானே ஆக வேண்டும்? நெய்வேலியும் மேட்டூரும் நமக்கு எட்டுகிற தூரம். உங்கள் ஷாப்பில் டி91 டியூபுக்கு (அதிக வெப்பம் தாங்கும் குரோமியம் கலப்பு எஃகு) ப்ரீஹீட் கொடுத்து, அதாவது முன்சூடு செய்து, டிக் வெல்டிங்கில் ரூட் என்னும் அடி வெல்டு போட்டு, எக்ஸ்ரே சோதனையில் பாஸ் ஆகிற கை இருக்கிறதா? இருந்தால் அதுதான் மூலதனம். அரசுக் கம்பெனியான திருச்சி பெல்லே (பிஎச்இஎல்) பாய்லரோடு நிற்காமல் 700 மெகாவாட் அணு உலைக்கு ஸ்டீம் ஜெனரேட்டர் செய்வது அதே உயர் அழுத்த வேலைத் திறமையை வைத்துத்தான்.

பூதலூர்த் தம்பி:
கை இருக்கிறது அண்ணே, டிக் போடுகிற ஒருவருக்கு வயதாகிவிட்டது என்பதுதான் கவலை. ரிப்பேர் வேலைக்கு ஐபிஆர் (இந்திய பாய்லர் விதிகள்) அனுமதி தனியாக வேண்டுமா?

காவிரிக்கரை:
டியூப், காயில் மாதிரி அழுத்தம் தாங்கும் பிரஷர் பார்ட்டைத் தொட்டால் கண்டிப்பாக வேண்டும். ஷாப்புக்கு ஒன்று, வெல்டருக்குத் தனிச் சான்று. பெல் வளாகத்து வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனத்தில் பயிற்சி உண்டு, அவர் இருக்கும்போதே இளைஞர் ஒருவரை அனுப்பி வையுங்கள்.